மண்ணை வறுத்துப் பாதரசம் எடுத்த கதை

அரியலூர், பெரம்பலூர் பக்கத்து மக்களுக்குச் சூளையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சிமெண்ட் ஆலைகள் வருவதற்கு முன்பே சுண்ணாம்புக் காளவாய் பார்த்தவர்கள் நாம். சுண்ணாம்புக்கல் சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெந்து சுண்ணாம்பாகிறது. சிமெண்ட் சூளைக்குள் இருக்கும் பொருள் ஏறத்தாழ 1,450 டிகிரி வரை சூடாகிறது. கல்லை வேக வைத்து நமக்குப் பழக்கம். நஞ்சு கலந்த மண்ணை வேக வைத்துச் சுத்தம் செய்ய முற்பட்ட கதையும் நம் மாநிலத்திலேயே ஒன்று உண்டு. அது நடந்த ஊர் கொடைக்கானல்.

ஓய்வூதியர் நண்பர் ஒருவர் இதைப் பற்றிப் பேசும்போது கேட்டார்: "அந்த மண்ணை லாரியில் ஏற்றி நம் ஊர் சிமெண்ட் சூளையில் கொட்டியிருந்தால் ஒரே வாரத்தில் வேலை முடிந்திருக்குமே, ஏன் இத்தனை வருஷம்?" நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்கு முன் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

அது காய்ச்சல் பார்க்கும் தர்மாமீட்டர் செய்த ஆலை. முதலில் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்தது. செஸ்பரோ-பாண்ட்ஸ் என்ற கம்பெனி அதை 1983-ல் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தது. நம் வீட்டுப் பவுடர் டப்பாவில் பெயர் பார்த்தோமே, அதே பாண்ட்ஸ்தான். அப்போது கொடைக்கானல் மதுரை மாவட்டத்தில் இருந்தது. திண்டுக்கல் மாவட்டம் உருவானது 1985-ல். 1987-ல் செஸ்பரோ-பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கியது. 1998-ல் பாண்ட்ஸ் இந்தியா, இந்துஸ்தான் லீவருடன் இணைந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வரும். செய்து முடித்த தர்மாமீட்டர் வெளிநாட்டுக்கே போகும். நடுவில் உடைந்ததும் சிந்தியதும் மட்டும் மலையில் தங்கும்.

ஆலை இருந்த இடம் செயின்ட் மேரீஸ் சாலை. அதன் பின்புறம் சரிவாக இறங்குவது பாம்பார் சோலை. சோலை என்றால் மலையின் மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் பழைய காடு. மழைநீரைப் பஞ்சு போல் உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையிலும் கசியவிடும். அந்தத் தண்ணீர் பாம்பாறாகப் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. கும்பக்கரை அருவியில் குளித்தவர்கள் அந்த ஆற்றில்தான் குளித்திருக்கிறீர்கள். ஆகவே மேலே மண்ணில் கலந்தது மேலேயே கிடக்கும் என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

2001 மார்ச் மாதம், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கிடங்கில் பாதரசம் ஒட்டிய உடைந்த தர்மாமீட்டர் கண்ணாடி டன் கணக்கில் கிடப்பது தெரிந்தது. ஊர்க்காரர்களும், பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினரும், கிரீன்பீஸ் அமைப்பினரும் அதை வெளியே கொண்டுவந்து ஊர்வலம் போனார்கள். அந்த மாதமே ஆலை நின்றது. பிறகு திறக்கவே இல்லை. நம் அரியலூர் முதல்முறையாகத் தனி மாவட்டமானதும் அந்த 2001-ல்தான். அடுத்த வருஷமே பெரம்பலூரோடு மறுபடி சேர்த்து, 2007-ல் திரும்பவும் பிரித்தார்கள். நம் மாவட்டம் சேர்ந்து பிரிந்த அந்தக் காலம் முழுவதும் கொடைக்கானல் மண் அப்படியே கிடந்தது.

ஆலைக்குள் இருந்த கழிவுக்கு வழி சீக்கிரமே கிடைத்தது. 2003-ல் பாதரசம் கலந்த கழிவுகள் சுமார் 290 டன் கப்பலேற்றப்பட்டு, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பாதரசத்தைப் பிரித்தெடுக்கும் ஒரு நிறுவனத்துக்குப் போயின. கண்ணாடித் துண்டைப் பீப்பாயில் அடைக்கலாம், ஒரு மலைச்சரிவை எப்படி அடைப்பது? மண்ணை அங்கேயே வைத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்று முடிவானது.

இங்கே பாதரசத்தின் குணத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு வழியில். பாதரசத்துக்கு அந்த மொழியில் பழைய பெயர் 'விஃப்-அர்ழான்', அதாவது உயிருள்ள வெள்ளி. அறைச் சூட்டிலேயே கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிக்கொண்டிருக்கும். 357 டிகிரியில் கொதிக்கும். இரும்பு உருக 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும்; பாதரசம் பாவம், அடுப்புச் சூட்டிலேயே பறந்துவிடும்.

எங்கள் ரசாயனப் பாடத்தில் லவாஸியே என்ற விஞ்ஞானியின் சோதனை ஒன்று தவறாமல் வரும். வளைந்த கழுத்துள்ள கண்ணாடிக் குடுவையில் பாதரசத்தை இட்டுப் பன்னிரண்டு நாள் விடாமல் சூடாக்கினார். மேலே சிவப்புத் தூள் படிந்தது. அந்தத் தூளை இன்னும் அதிகமாகச் சூடாக்கியபோது பாதரசம் பாதரசமாகவே திரும்பி வந்தது. கூடவே வெளியேறிய காற்றுதான் பிராணவாயு. அந்தக் குடுவைக்குப் பிரெஞ்சில் 'கொர்னு' என்று பெயர். கொம்பு மாதிரி வளைந்திருப்பதால் வந்த பெயர். நம் சித்த வைத்தியர்களும் இதே வேலையைச் செய்தவர்கள்தான். சாதிலிங்கத்தைச் சூடாக்கி, எழும் ஆவியைக் குளிரவைத்து ரசத்தைப் பிடிப்பார்கள். அந்தப் பாத்திரம் வாலை. அப்படிப் பிடித்தது வாலை ரசம்.

கொடைக்கானலில் மண்ணுக்கு வகுத்த வழி ஒரு பெரிய வாலைதான். மண்ணைத் தோண்டி எடுத்துச் சல்லடையில் சலித்துத் தண்ணீரில் கழுவ வேண்டும். பாதரசம் பெரும்பாலும் நுண்ணிய வண்டலிலும் களியிலும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே கழுவிய கல்லும் பருமணலும் ஓரளவு சுத்தமாகிவிடும். அவற்றைச் சோதித்துப் பார்த்துத் திரும்ப இடத்தில் போடலாம். நஞ்சு திரண்ட வண்டல் மட்டும் மூடிய இரும்புக் கலத்துக்குள் போகும். உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கிச் சூடாக்குவார்கள். அழுத்தம் குறைந்தால் பாதரசம் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். மலை உச்சியில் தண்ணீர் சீக்கிரம் கொதிப்பதும் இதனால்தான். வெளிவரும் ஆவியைக் குளிர்வித்தால் பாதரசம் சொட்டும். தப்பிய மிச்சத்தைக் கரி வடிகட்டி பிடித்துக்கொள்ளும்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். சிமெண்ட் சூளையில் ஏன் கொட்டக் கூடாது? நஞ்சில் இரண்டு ஜாதி உண்டு. பூச்சிமருந்து, எண்ணெய்க் கசடு, டையாக்சின் போன்றவை கரிமச் சேர்மங்கள். கடும் சூட்டில் அவை உடைந்து வேறு பொருளாகிவிடும். 2016-ம் வருஷத்து அபாயகரக் கழிவு விதிகளின்படி அப்படிப்பட்ட கழிவுகள் சிலவற்றைச் சிமெண்ட் சூளையில் எரிபொருளோடு சேர்த்து எரிக்க அனுமதி உண்டு. பாதரசம் தனிமம். 1,450 டிகிரி என்ன, அதற்கு மேல் போனாலும் அது அழியாது. சூளையில் போட்டால் ஆவியாகிப் புகைபோக்கி வழியே வெளியேறும். பிறகு எங்கோ ஒரு வயலில், ஏரியில் இறங்கும். கொடைக்கானல் மண் சுத்தமாகியிருக்கும், நம் பருத்திக் காட்டிலும் வெங்காயக் காட்டிலும் அது படிந்திருக்கும். மூடிய கலமும் ஆவியைப் பிடிக்கும் குளிர்ப்பானும் இல்லாத எந்தச் சூடும் பாதரசத்தை இடம் மாற்றுமே தவிர ஒழிக்காது.

சும்மா பயமுறுத்தச் சொல்லவில்லை. ஹைதராபாத்தில் அணுசக்தித் துறையின் கீழ் இயங்கும் ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகள் கொடைக்கானல் ஏரியின் நீரையும், சேற்றையும், மீனையும் ஆராய்ந்து பாதரசம் இருப்பதைக் காட்டினார்கள். அந்த ஆய்வு 2006-ல் வெளியானது. ஆலையிலிருந்து காற்றில் போனதே ஏரியில் இறங்கியது என்பது அவர்கள் கண்ட முடிவு.

ஓர் ஊரின் நஞ்சை இன்னோர் ஊருக்கு அனுப்புவது எவ்வளவு பெரிய தகராறு என்பதைச் சமீபத்தில் பார்த்தோம். போபாலில் 1984-ல் நடந்த விபத்துக்குப் பின் யூனியன் கார்பைடு வளாகத்தில் கிடந்த கழிவில் 337 டன்னை, நாற்பது வருஷம் கழித்து, 2025 ஜனவரியில் இந்தூர் அருகே பீதம்பூருக்கு லாரிகளில் கொண்டுபோனார்கள். பீதம்பூர் மக்கள் தெருவுக்கு வந்து எதிர்த்தார்கள். நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அந்த வருஷ நடுவில் அது எரிக்கப்பட்டது. போபால் வளாகத்து மண்ணும் நிலத்தடி நீரும் அந்தக் கணக்கில் சேரவில்லை. இடத்திலேயே வைத்துச் சுத்தம் செய்வது செலவானாலும் நியாயமானது என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம்.

இடத்திலேயே சூடாக்கிக் காரியத்தை முடித்ததற்கும் ஓர் உதாரணம் உண்டு. புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களில் பாட்டன் காலத்தில் யாராவது ஒருவர் சைகோனுக்குப் போய்ச் சம்பாதித்திருப்பார். அந்த வியட்நாமில், பிரெஞ்சுக்காரர்கள் தூரான் என்று அழைத்த தா நாங் நகரத்து விமானதளத்தில்தான் அமெரிக்கர்கள் போர்க்காலத்தில் 'ஏஜெண்ட் ஆரஞ்ச்' என்ற இலைகொல்லி மருந்தை இறக்கி வைத்து விமானங்களில் ஏற்றினார்கள். அதில் கலந்திருந்த டையாக்சின் மண்ணில் தங்கிவிட்டது. 2012-ல் அமெரிக்காவும் வியட்நாமும் சேர்ந்து வேலை தொடங்கின. தோண்டிய மண்ணையும் சேற்றையும் ஒரு பெரிய கான்கிரீட் பெட்டிக்குள் மலையாகக் குவித்து மூடினார்கள். சூடேற்றும் கம்பிகளை உள்ளே செருகி, மண் முழுவதும் குறைந்தது 335 டிகிரியை எட்டும் வரை மாதக்கணக்கில் சூடாக்கினார்கள். 2018-ல் முடிந்தபோது சுமார் 90,000 கன மீட்டர் மண்ணும் சேறும் இப்படி வெந்திருந்தன. அங்கே டையாக்சினின் பெரும்பகுதி அந்தக் குவியலுக்குள்ளேயே உடைந்துபோனது.

தா நாங்கில் இடம் சமதளம், விமானதளம், காடு இல்லை. கொடைக்கானல் சரிவில் மரம் நிற்கிறது. மண்ணைத் தோண்டினால் மரம் விழும்; மரம் விழுந்தால் மழையில் மண் சரியும்; சரியும் மண்ணோடு பாதரசம் சோலைக்குள் போகும். வறுத்த மண்ணும் பழைய மண் ஆகாது. மக்கு எரிந்து, புழு பூச்சி செத்து, வெறும் தூளாகத் திரும்பி வரும். ஆகவே எவ்வளவு தோண்டுவது என்பதே பெரிய கேள்வி. அதைத் தீர்மானிப்பது ஓர் எண்: ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசம் மிஞ்சலாம்?

கொடைக்கானலில் குறித்த எண் 20. நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி சுத்திகரிப்பு முறையை வகுத்தது. டெல்லி ஐ.ஐ.டி. ஆபத்தை மதிப்பிட்டது, லக்னோவின் தாவரவியல் நிறுவனம் மரங்களைப் பற்றியும், ஊட்டியின் மண்வள நிறுவனம் மண் அரிப்பைப் பற்றியும் ஆராய்ந்தன. 20 என்பது போதுமான பாதுகாப்பு, அதற்குக் கீழே போனால் மரங்களைத்தான் இழப்போம் என்றது கம்பெனி. போராடியவர்கள் பிரிட்டனைக் காட்டினார்கள்: அங்கே குடியிருப்பு மண்ணில் தனிம நிலைப் பாதரசத்துக்கு வழிகாட்டும் அளவு 1 மில்லிகிராம். அவர்கள் ஊரில் 1, எங்கள் ஊரில் 20 என்றால் எங்கள் உயிர் அவ்வளவு மலிவா என்பது அவர்கள் கேள்வி. அதே பிரிட்டனில் உப்பு வடிவத்தில் இருக்கும் பாதரசத்துக்கு அளவு பல மடங்கு தளர்வானது என்பதையும் சொல்ல வேண்டும். பாதரசம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று தெரியாமல் எண்ணை மட்டும் ஒப்பிட முடியாது.

இந்த 20-ஐ நம் வீட்டுக் கணக்கில் பார்க்கலாம். கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்றால் டன்னுக்கு 20 கிராம். பாதரசம் கனமானது, 20 கிராம் என்பது ஒன்றரை மில்லி, டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்கு கூட வராது. ஆனால் பழைய காய்ச்சல் தர்மாமீட்டர் ஒன்றில் இருந்ததே அரை கிராமிலிருந்து ஒரு கிராம்தான். அதாவது 'சுத்தம்' என்று சான்றிதழ் பெறும் ஒரு டன் மண்ணில் இருபது முதல் நாற்பது தர்மாமீட்டர் அளவு பாதரசம் மிச்சம் இருக்கலாம். சிறிதா பெரிதா என்பது அந்த மண்ணுக்குக் கீழே யார் தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

சர்க்கார் உத்தியோகத்தில் பல வருஷம் கோப்புகளோடு இருந்தவன் என்பதால் எனக்கு இந்த விவகாரத்தில் தேதிகள்தான் கண்ணில் படுகின்றன. ஆலை நின்றது 2001. இயந்திரங்கள் வந்து முன்னோட்ட வேலை தொடங்கியது 2009. மேலும் ஆய்வு தேவை என்று 2010-ல் நின்றது. தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியோடு சோதனை முறையில் மண் கழுவி வறுக்கப்பட்டது 2017. அளவு பற்றிய வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஒரு தொகுதி மண்ணைக் கலத்தில் இட்டு வறுப்பது சில மணி நேர வேலை. அந்த வேலையின் முதல் சோதனைக்கே 16 மழைக்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆய்வு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்; அவசரமாகத் தோண்டியிருந்தால் சோலை கெட்டிருக்கும். ஆனால் எந்த ஆய்வு நடக்கும்போதும் மழை நிற்கவில்லை. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையும் தன் பங்கைக் கீழே இறக்கிக்கொண்டுதான் இருந்தது.

மனிதர்களின் கோப்பும் அதே வேகத்தில்தான் நகர்ந்தது. முன்னாள் தொழிலாளர்கள் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சிறுநீரகக் கோளாறு, நரம்புத் தளர்ச்சி, குழந்தைகளுக்கு வந்த குறைகள் என்று அவர்கள் முறையிட்டார்கள். வேலையால் யாருக்கும் உடல்நலக் கேடு நேரவில்லை என்பதே கம்பெனியின் நிலைப்பாடாக இருந்தது. 2015-ல் சோஃபியா அஷ்ரஃப் என்ற சென்னைப் பெண் பாடிய ஒரு ராப் பாட்டு இணையத்தில் உலகமெங்கும் பரவியது. பேரப்பிள்ளைகள் கேட்கும் வகைப் பாட்டுதான், ஆனால் விஷயத்தைக் கொண்டுசேர்த்தது. 2016 மார்ச்சில், மனிதாபிமான அடிப்படையில் என்று சொல்லி, 591 முன்னாள் தொழிலாளர்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் கம்பெனி உடன்படிக்கை செய்துகொண்டது. தொகை எவ்வளவு என்று வெளியிடவில்லை. ஆலை மூடிப் பதினைந்து வருஷம். அதற்குள் சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மண்ணைக் கலத்தில் இட்டு ரசத்தைப் பிரிக்கலாம். மூளையிலும் சிறுநீரகத்திலும் செய்துவிட்டுப் போன சேதத்தைச் சரிசெய்ய எந்த வாலையும் இல்லை.

உலகமும் மெதுவாகத்தான் விழித்தது. ஜப்பானில் மினமாட்டா நோய் 1956-லேயே தெரிந்துவிட்டது. அந்தப் பெயரில் பாதரசத்துக்கான சர்வதேச ஒப்பந்தம் ஏற்கப்பட்டது 2013-ல். நடைமுறைக்கு வந்தது 2017-ல். இந்தியா அங்கீகரித்தது 2018-ல். பாதரச தர்மாமீட்டர் உற்பத்தியை 2020-க்குள் நிறுத்த வேண்டும் என்றது அந்த ஒப்பந்தம். கொடைக்கானலில் செய்த பொருளுக்கே இப்போது உலகில் வேலை இல்லை. அது விட்டுப்போனதற்குத்தான் இன்னும் வேலை இருக்கிறது.

நம் மாவட்டங்களில் பாதரச ஆலை இல்லை. ஆனால் சுரங்கங்களும், ஆலைகளும், கல் குவாரிகளும் நிறைய உண்டு, இன்னும் வரும். புதிதாக ஒன்று வரும்போதும் இருப்பது விரிவடையும்போதும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்று 2006-ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் அறிவிக்கை சொல்கிறது. சில வகைகளுக்கு விலக்கு உண்டு. பெரிய சுரங்கத்துக்கும் சிமெண்ட் ஆலைக்கும் பொதுவாகக் கூட்டம் உண்டு. அங்கே நம் ஜனங்கள் கேட்பது வேலைவாய்ப்பு, சாலை, பள்ளிக்கூடக் கட்டடம். கேட்கட்டும், தவறில்லை. கூடவே இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பதிவேட்டில் ஏறும்படி செய்ய வேண்டும். இன்றைக்கு இந்த மண்ணிலும் கிணற்றுத் தண்ணீரிலும் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று அளந்தீர்களா? மூடும் நாளில் எந்த அளவுக்குத் திருப்பித் தருவீர்கள், எண்ணைச் சொல்லுங்கள். அதற்கான பணத்தை இப்போதே எங்கே கட்டி வைக்கிறீர்கள்?

ஆலை ஓடும்போது இந்த மூன்றுக்கும் ஒரு நாளில் பதில் வாங்கலாம். மூடிய பிறகு கேட்டால் கொடைக்கானல் காத்திருந்த மாதிரி காத்திருக்க வேண்டும். கூட்ட அறிவிப்பு செய்தித்தாளில் வரும்போது, கால் வலித்தாலும், நம்மில் இரண்டு பேராவது போய் முன்வரிசையில் உட்கார வேண்டும்.